எதிர்வீட்டு நம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நானும் பசுவும்தான். கன்று போட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது, கிடேரி. சீம்பாலில் ஒரு செம்பு மேலவீட்டுக்குக் கொடுத்தேன். நம்ப மாட்டாய்.

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். போன மாதம் மூன்று நாள் நீ போனை எடுக்கவில்லை. ரிப்பேர் என்றாய், இருக்கட்டும். ஆனால் உன் கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்ல அந்த பெங்களூரில் எனக்கு ஒரு ஆள் இல்லை. கடைசியில் பழைய வீட்டுக்கார அம்மாவுக்குப் போட்டேன். "காலி பண்ணிப் போயாச்சே, அவர் ஒருத்தர்தான் வந்து சாமான் ஏத்தினார்" என்றார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

புது வீட்டில் எதிர்வீட்டில் யார் என்று கேட்டதற்கு, "இங்க யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்கப்பா, அதான் நிம்மதி" என்றாய். அந்த வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை தம்பி.

ரொம்பவும் ஒட்ட வேண்டாம். அதை நானே சொல்வேன். கைமாற்று கொடுக்காதே, ஜாமீன் கையெழுத்துப் போடாதே, சம்பளம் எவ்வளவு என்றால் சிரித்துவிட்டு வா. வண்டி நிறுத்துகிற இடத்துக்குச் சண்டை வந்தால் எந்தப் பக்கமும் பேசாதே. அண்டை வீட்டுச் சண்டை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நிற்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் லிப்டில் பார்த்தால் தலையைக் குனிந்து போனைப் பார்க்காதே. "ஊட்டா ஆய்த்தா" என்று ஒரு வார்த்தை கேள். நம்மூரில் "சாப்டீங்களா" என்பதுதான் அது. அதற்கு யாரும் இலை போட்டுவிட மாட்டார்கள்.

நான் ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது அந்தப் பழைய வீட்டுக்கார அம்மா டப்பாவில் எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை எல்லாம் கலந்து, கரும்புத் துண்டும் வைத்துக் கொடுத்தார்களே. எள்ளும் வெல்லமும் தின்றுவிட்டு நல்ல வார்த்தை பேசு என்று அவர்கள் பக்கம் சொல்வார்களாம். நீ டப்பாவைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்தாய். மருமகள்தான் ஓடிப்போய் நாலு முறுக்கு போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை. உன் அம்மா வளர்த்த பிள்ளை, வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பலாமா?

கோபித்துக்கொள்ளாதே. பெரிய கம்பெனியில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறான் என்று டீக்கடையில் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்பது பேரோடு பேசுகிறவன் எதிர்வீட்டுக்காரனோடு பேச மாட்டானா? ஒரு கும்பிடு போட்டால் போதும். ரொம்ப ஒட்டவும் வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

நம் கொல்லையில் முன்பு வேலிதான், நடுவில் ஒரு படல். அம்மாவும் மேலவீட்டம்மாவும் அதைத் தள்ளிக்கொண்டு போக வர இருந்தார்கள். மட்டை விழுந்து அவர்கள் ஓடு உடைந்தது என்று 2013ல் சண்டை வந்தது. நீ அனுப்பிய முதல் வருஷப் பணத்தில் ஏழடிச் சுவர் வைத்தேன், மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது தென்னையோடு சுவரிலும் பாதி போயிற்று. வாசலில் கிடந்த மரத்தை முதலில் வெட்டி நகர்த்தியது மேலவீட்டுக்காரர்தான், பேச்சில்லாமலே வந்தார். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அவர்கள் அடிபம்புத் தண்ணீரில்தான் நாம் உலை வைத்தோம். இடிந்த இடத்து வழியாக அம்மா குடத்தோடு போய் வந்தாள், முகமே மாறியிருந்தது.

மறுவருஷம் நான் அந்தச் சுவரைத் திரும்பக் கட்டினேன். அம்மா வேண்டாம் என்றாள். கட்டினேன்.

2022ல் அம்மா விழுந்த அன்று நான் பக்கத்திலேயே இருந்ததாக உன்னிடம் சொன்னேன். இல்லை. மாடு ஆடு உள்ளே வருமென்று வாசல் கேட்டை வெளியே பூட்டிவிட்டு பட்டுக்கோட்டை பேங்க்குக்குப் போயிருந்தேன். பதினோரு மணிவாக்கில் துவைக்கிற கல்லடியில் விழுந்திருக்கிறாள். மேலவீட்டம்மாவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. சுவர் ஏற முடியவில்லை, சுற்றி வந்தால் பூட்டு. வீட்டு ஆம்பளையும் ஊரில் இல்லை. எனக்கு நாலு தடவை போன் போட்டார்கள். அவர்கள் வீட்டு நம்பர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கட் பண்ணினேன். தேங்காய் வெட்டுகிற பையன் வந்து பூட்டை உடைக்கும்போது மணி ஒன்றரை. 108ல் ஏற்றி, பட்டுக்கோட்டை போய் தஞ்சாவூர் போகும்போது நாலரை. பக்கவாதம் என்றார்கள். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். டாக்டர் எத்தனை மணிக்கு விழுந்தார்கள் என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, மேலவீட்டம்மாதான் சொன்னார்கள்.

ஒன்பது நாள் இருந்தாள். மீதி உனக்குத் தெரியும். அக்காவுக்கு இது தெரியாது. நீ சொல்வதானால் சொல்லிக்கொள்.

மேலவீட்டில் ஒரு வார்த்தை குத்திக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை குழம்பு வருகிறது, சுற்றி வாசல் வழியாகத்தான் வருகிறது. சுவரை இடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை.

ராத்திரி பாலும் பிரெட்டுமாகச் சாப்பிடாதே. சாவி ஒன்று நம்பிக்கையான இடத்தில் கொடுத்து வை. எதிர்வீட்டுக்காரரின் நம்பரை எனக்கு அனுப்பு. நான் அடிக்கடி போட மாட்டேன்.

பார்சலில் வடகம் இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று எதிர்வீட்டுக்கு. மருமகளுக்குப் பிடிக்கும் என்று சுண்டை வற்றலும் காயவைத்தேன், அது இன்னும் இங்கேயே இருக்கிறது. அதை எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?

இப்படிக்கு,
அப்பா