20-லிருந்து 26-க்குத் தாவ வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் வந்துவிட்டால் சென்னையில் சைக்கிள் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். நான்காவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளை 20 அங்குலச் சைக்கிளிலிருந்து இறக்கி, நேராக 26 அங்குல கியர் சைக்கிளில் ஏற்றிவிடும் பெற்றோர் நிறையப் பேர். அதிலும் முன்னும் பின்னும் ஷாக் வைத்த ‘மவுண்டன்’ சைக்கிள் என்றால் பிள்ளைக்கும் ஆசை, அப்பாவுக்கும் பெருமை. “வளர்ற பிள்ளைதானே, நாலு வருஷத்துக்கு வரும்” என்பது கணக்கு. தீபாவளிச் சட்டையைப் பெரிதாகத் தைத்தால் கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம். சைக்கிளை மடித்துவிட முடியாது. கால் எட்டாத பிள்ளை ஓடும்போதைவிட நிறுத்தும்போதுதான் அதிகம் விழும். சிக்னலில், வேகத்தடைக்கு முன்னால், ஆட்டோ சட்டென்று குறுக்கே திரும்பும் இடத்தில்.

வயதைச் சொல்லிச் சைக்கிள் கேட்பதை முதலில் விட வேண்டும். ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளுக்குக் கால் நீளம் சில சென்டிமீட்டர் வித்தியாசப்படும். எனவே காலை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே சீட் அழுத்துவதுபோல மேலே அழுத்தி, நோட்டின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டால் போதும். தரையிலிருந்து கோடு வரை சுமார் 55 சென்டிமீட்டர் என்றால் 20 அங்குலம். 64, 65-ஐத் தாண்டினால் 24 அங்குலம். 72-ஐத் தொட்ட பிறகுதான் 26, அதுவும் 13 அல்லது 14 அங்குல ஃப்ரேமில். பலரும் ஏமாறுவது இங்கேதான்: 26 என்பது சக்கரத்தின் அளவு. அதே சக்கரத்தைப் பெரியவர்களுக்கான 18 அங்குல ஃப்ரேமிலும் மாட்டி விற்கிறார்கள். கடையில் பிள்ளையைப் பாரின் (சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடும் மேல் குழாயின்) இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிந்து, பாருக்கும் உடம்புக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சைக்கிள் இந்த வருஷத்துக்கானது இல்லை.

நடுவில் இருக்கும் 24 அங்குலத்தை யாரும் கேட்பதில்லை, ஆகவே கடைக்காரர்களும் அதிகம் வாங்கி வைப்பதில்லை. ஆனால் ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரை பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்துவது அதுதான். இதில் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கையின் நீளம் பெரும்பாலும் 152 மில்லிமீட்டர், 26-இல் 170. குட்டைக் காலுக்கு நீளக் கிராங்க் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மார்பை நோக்கி ஏறும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முட்டி வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று நினைக்காதீர்கள்.

“நாங்க எல்லாம் குரங்கு பெடல் போட்டுத்தானே கத்துக்கிட்டோம்” என்று தாத்தாக்கள் சொல்வது உண்மைதான். அந்தக் காலத்துச் சைக்கிளின் முக்கோண ஃப்ரேம் அகலமாக இருந்தது. காலை உள்ளே விட்டு, சீட்டில் ஏறாமலே, தரைக்குப் பக்கத்திலேயே ஓட்டினார்கள். சாய்ந்தால் ஒரு காலை ஊன்றலாம். தெருவிலும் இவ்வளவு வண்டி இல்லை. இன்றைய மவுண்டன் சைக்கிளில் பார் சரிந்து, முக்கோணம் குறுகி, நடுவில் ஷாக் வேறு அடைத்துக்கொண்டிருக்கிறது. குரங்கு பெடலுக்கும் வழியில்லை. பிள்ளை உயரமான சீட்டில்தான் தொங்க வேண்டும்.

கால் எட்டினாலும் விரல் எட்டுகிறதா என்று பார்ப்பவர் மிகக் குறைவு. பெரியவர் கைக்குச் செய்த பிரேக் லீவரைப் பத்து வயதுப் பிள்ளை விரல் நுனியால்தான் பிடிக்கும். நுனியில் பலம் இருக்காது. லீவர் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலான சைக்கிள்களில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் ஆலன் கீயாலோ சின்ன ஸ்குரூ டிரைவராலோ அதை வலப்பக்கம் திருப்பினால் லீவர் கைப்பிடியை நோக்கி நெருங்கி வரும். நெருங்கிய பிறகு கேபிளையும் இறுக்க வேண்டும். மறந்தால் பிரேக் பிடிப்பதற்குள் லீவர் கைப்பிடியில் முட்டிவிடும். இரண்டு விரலால் அழுத்தினாலே சக்கரம் நிற்க வேண்டும், அதுதான் அளவு.

20 அங்குலத்தின் சாதாரண ரிம் பிரேக்கில் (சக்கர வளையத்தைப் பிடிப்பது) பழகிய பிள்ளைக்கு டிஸ்க் பிரேக் (சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிப்பது) புதுசு. நம் ஊர்ச் சைக்கிள்களில் வலது கை லீவர் பெரும்பாலும் முன் பிரேக். பயத்தில் வலது கையை மட்டும் இறுக்கினால் பின் சக்கரம் தூக்கி, பிள்ளை ஹேண்டில்பாரைத் தாண்டி விழும். இடதை முதலில், வலதைக் கூடவே மெதுவாக என்று கைக்குப் பழக்க வேண்டும். விலை குறைந்த டிஸ்க் பிரேக்கில் ஒரு பக்கத்துப் பேட் மட்டுமே நகரும். தேயத் தேய மறுபக்கத்துப் பேடையும் திருகி உள்ளே தள்ளவில்லை என்றால் டிஸ்க் வளைந்து உரசும். இன்னொன்று: செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் பிடிக்காது. பேட் எண்ணெய் குடித்துவிட்டால் மாற்றுவதே நல்லது.

எடையையும் பாருங்கள். மலிவான இரும்பு ஃப்ரேமில் டபுள் ஷாக் வைத்த சைக்கிள் 18 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். 30 கிலோ பிள்ளைக்கு அது பாதிக்கும் மேல். புத்தகப் பை வேறு. பின்புறம் ஷாக் இருப்பதால் பல சைக்கிளில் கேரியர் மாட்ட முடியாது. பை முதுகில் ஏறும், அல்லது ஹேண்டில்பாரில் தொங்கித் திருப்பத்தைக் கெடுக்கும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடும். சென்னை தட்டையான ஊர். மேம்பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது? ஷாக் இல்லாத, மட்கார்டும் கேரியரும் உள்ள சாதாரணச் சைக்கிளே ஐப்பசி மழைக்கும் ஏற்றது.

கியர் கட்டாயம் வேண்டும் என்றால் பின்னால் மட்டும் ஆறோ ஏழோ உள்ளதாக வாங்குங்கள். 21 கியர் வந்துவிட்டதா, முதல் ஆறு மாதம் இடது கை கியரை நடுவில் விட்டு, வலது கையை மட்டும் பழக்குங்கள். மிதித்துக்கொண்டே, அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி மாற்ற வேண்டும். நின்றுகொண்டு மாற்றக் கூடாது. சைக்கிள் செயின் பக்கமாக விழுந்தால், கியர் மாறும்போது செயினை நகர்த்தும் ‘டிரெய்லர்’ (derailleur) மாட்டியிருக்கும் கொக்கி உள்பக்கம் வளையும். அப்போது ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் லேசான கியருக்குப் போனதும் செயின் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். விழுந்த சைக்கிளை ஓட்டும் முன் பின்னாலிருந்து ஒருமுறை பாருங்கள்: செயினும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும்.

புதுச் சைக்கிள் பெட்டியில் பாதி கழற்றி வருகிறது. கடையில் அவசரமாகக் கோக்கிறார்கள். இரண்டு தவறுகளை வாங்குபவரே கண்டுபிடிக்கலாம். ரிம் பிரேக் சைக்கிளில் முன் பிரேக், ஃபோர்க்குக்கு முன்புறம் இருக்க வேண்டும். ஃப்ரேமைப் பார்த்து இருந்தால் ஃபோர்க் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. ஹேண்டில் தடுமாறும், காலும் சக்கரத்தில் இடிக்கும். அடுத்தது இடது பெடல்: அதன் மரை எதிர்த் திசையில் ஏறும். வலுக்கட்டாயமாக முடுக்கியிருந்தால் மரை தேய்ந்து சில வாரங்களில் பெடல் கழன்றுவிடும். வாங்கி ஒரு மாதத்தில் சக்கரக் கம்பிகள் தளரும், கேபிள் நீளும். சக்கரத்தின் கோட்டம் எடுத்து, பிரேக்கை மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும்.

பழக்கும்போது பழைய சைக்கிளை உடனே விற்றுவிடாமல் ஒரு மாதம் வைத்திருங்கள். முதல் இரண்டு வாரம், உட்கார்ந்தபடி இரு கால் விரல்களும் தரையில் ஊன்றும் அளவுக்குச் சீட்டை இறக்கி, மைதானத்திலோ அடுக்குமாடி வாகன நிறுத்தத்திலோ மட்டும் ஓட்டட்டும். சாக்பீஸ் கோட்டில் வந்து நிறுத்தச் சொல்லுங்கள். பத்து முறையில் பத்தும் கோட்டுக்குள் நின்றால் சரி. பிறகு எட்டு போடட்டும், திரும்பிப் பார்க்கட்டும், ஒரு கையை நீட்டிக் காட்டட்டும். அதன் பிறகு சீட்டை வாரத்துக்கு ஒரு விரல் உயர்த்தலாம், குதிகால் தாழ்ந்த பெடலில் படும்போது கால் நேராகும் வரை. சீட் கம்பியில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தவே கூடாது; கம்பி முறியும்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். சைக்கிள் தயாரிப்பவர்களும் கடைக்காரர்களும் வயதுக்குப் பதிலாக, எத்தனை சென்டிமீட்டர் காலுக்கு ஏற்றது, சைக்கிள் எத்தனை கிலோ என்ற இரண்டையும் எழுதி ஹேண்டில்பாரில் கட்ட வேண்டும். பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி, சைக்கிளில் வரும் பிள்ளைகளின் சீட் உயரத்தையும் பிரேக் லீவரையும் பார்க்க வேண்டும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் சைக்கிளுக்கும் இது தேவை. ஒரு ஸ்பேனரும் ஒரு ஆலன் கீ செட்டும் இருந்தால் ஒரு சைக்கிளுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்போர் சிலர்,
பெரம்பூர், சென்னை-11.