தென்னந்தோப்பு கோகோ விவசாயிகள் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

வந்திருக்கிற அண்ணன் தம்பிங்க, அக்காமாருங்க, புதுசா சேர்ந்த பசங்க எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு, நான் தோப்பு விஷயத்த சொல்றேன்.

2024-ல உலக மார்க்கெட்ல கோகோ டன்னு 10,000 டாலரத் தாண்டுனதும் எனக்கு வந்த போன்ல முக்காவாசி கோகோ கன்னு எங்க கெடைக்கும்னுதான். விலை ஏன் ஏறுச்சுன்னு யாரும் கேக்கல. உலகத்துக் கோகோவுல பாதிக்கு மேல குடுக்குறது ஐவரி கோஸ்ட்டும் கானாவும், அங்க 2023-ல மழை அளவுக்கு மீறிப் பேஞ்சு காய் கறுத்து அழுகிருச்சு, பின்னாடியே எல் நினோ வறட்சி, கூட மாவுப்பூச்சி பரப்புற வைரஸ் வேற. ஆனா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே காட்ட வெட்டி வெட்டித்தான் அங்க கோகோ வெச்சாங்க, 1960-லேருந்து பாத்தா ஐவரி கோஸ்ட் காட்டுல பெரும்பகுதி இப்ப இல்ல. காட்டு நெழல்ல வளந்து பழகுன மரத்த வெட்டவெளியில நிறுத்துனா வறட்சிய எப்படித் தாங்கும்?

நம்ம கதையும் அதான். 2018 நவம்பர் 16 கஜா புயல்ல பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை சாஞ்சத நான் சொல்ல வேண்டியதில்ல. என் தோப்புல மரம் விழுந்து நசுங்குனது போக மிச்சம் நின்ன கோகோவப் பாத்து, இதாவது தப்பிச்சுதேன்னு இருந்தேன். அடுத்த சித்திரையில எல ஓரமெல்லாம் காப்பித்தூள் கலர்ல கருகி, கையில எடுத்தா அப்பளமா நொறுங்குது, பிஞ்சு விரல் நீளம் வரும்போதே கறுத்து காம்புலயே காஞ்சு தொங்குது. தண்ணி கட்டாம இல்ல, தவறாம கட்டுனேன். 32 டிகிரிக்கு மேல போனாலே தெணறுற மரம், நம்மூரு வெயில் 38, 39. புயல்ல பொழச்சது நெழல் இல்லாம செத்துச்சு, அத நெனச்சா இப்பவும் மனசு ஆறல.

2024-ல மேட்டூர் அணைய ஜூலை 28-ல தான் தொறந்தாங்க, அதுவரைக்கும் போர் தண்ணிதான். அந்த நாள்ல சருகு மூடாக்கு போட்ட தோப்புல மண்ணு கையில ஈரமா ஒட்டுச்சு, கூட்டிப் பெருக்கி சுத்தமா வெச்சிருந்த தோப்புல புழுதி. இன்னொன்னும் இருக்கு, கோகோ பூவுக்கு தேனீ வராது, கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு குட்டி ஈ தான் மகரந்தம் சேக்குது, அது முட்ட வெக்கிறது மக்குற சருகுலயும் காய் ஓட்டுலயும் தான். அதனால காய ஒடச்சதும் ஓட்ட வெளிய கொண்டுபோய்க் கொட்டாதீங்க, தயவுசெஞ்சு சருகக் கொளுத்தாதீங்க.

வருத்தமான விஷயம், கஜாவுல விழுந்த தோப்புல சிலது திரும்ப தென்னை வெக்காமலே பிளாட் ஆயிருச்சு. டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-ல சட்டம் வந்தும் தோப்பு மனையாறது நிக்கல. பக்கத்துத் தோப்பு போனா நம்ம வரப்பு ஓரத்து மரத்துல அனல் காத்து நேரா அடிக்கும், பாத்தவங்களுக்குத் தெரியும்.

கன்னு கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, நெழல் விழுற தோப்புக்கு மட்டும்தான் இந்தத் தடவ கன்னுக்குப் பேர் எழுதுறோம். வெட்டவெளியா இருந்தா மொதல்ல தென்னையும் வாழையும் வைங்க, ஓரத்துல கிளுவையோ அகத்தியோ போடுங்க, மரம் தல தூக்குனதும் வந்து பேர் குடுங்க, நானே நேர்ல வந்து பாத்து எழுதிக்கிறேன்.

செயலாளர்