செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: ஊர் ஆலய நண்பர்கள் சங்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சங்கத்தில் தமிழ் படிக்கும் குடும்பங்கள் சில சேர்ந்திருப்பதால் அறிக்கை இம்முறை தமிழிலும் வருகிறது. முதலில் ஒரு சொல் விளக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஐயர் என்றால் ஆராதனை நடத்தும் போதகர், ஐயரம்மா என்றால் அவர் மனைவி. இங்கிலாந்தில் இருக்கும் நம் ஊரில் அம்மாவே ஐயர். ஆகவே அறிக்கை முழுவதும் 'குருவானவர்' என்றே எழுதியிருக்கிறது. ஊரார் 'விகர்' என்கிறார்கள். மணிக்கூண்டில் ஆலய மணி அடிப்பவர்களில் மூத்தவர் மட்டும் 'சார்' என்று தொடங்கி நடுவில் திருத்திக்கொள்கிறார்.

இங்கிலாந்துத் திருச்சபையின் மாமன்றம் 1992 நவம்பர் 11 அன்று பெண்களுக்குக் குருப்பட்டம் தரச் சம்மதித்தது. 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் முதன்முதலாக அதைப் பெற்றார்கள். பெண்கள் குருவாகலாமா என்ற சண்டை நம் ஊரில் ஓய்ந்து நாளாகிவிட்டது. 2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை, சாரா மலாலி, திருச்சபையின் மிக மூத்த பதவியான கேன்டர்பரிப் பேராயர் பதவிக்கு 106ஆவது ஆளாக, அந்த இருக்கைக்கு முதல் பெண்ணாக, அறிவிக்கப்பட்டார். அன்று மாலை மணிப் பயிற்சிக்கு வந்தவர்கள் 'நல்லது' என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மணியின் கயிறு ஈரத்தில் சுருங்கிக் கிடப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஊருக்கு உறைத்தது வேறு. முன்பெல்லாம் ஒரு குருவானவர் வந்தால் கூடவே ஐயரம்மா ஒருவரும் வந்தார். ஞாயிறு பள்ளி, ஆராதனைக்குப் பின் தேநீர், பெண்கள் கூட்டம், தொலைபேசி எடுப்பது, வாசலுக்கு வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்வது எல்லாம் சம்பளமில்லாமல் அவர் தலையில் இருந்தன. இப்போதைய குருவானவரின் கணவர் வேலைக்குப் போகிறவர். கேக்கும் சுடத் தெரியாது. ஆறு ஊருக்கு ஒரே குருவானவர் என்பதால் இந்த வேலைகளை அவரும் இழுத்துப்போட்டுக்கொள்ள முடியாது. இந்த ஆண்டு சங்கம் பார்த்த வேலைகளில் பாதி, இல்லாத ஒரு ஐயரம்மாவின் வேலைகள்.

மறுபாதி, ஆறடி ஆணுக்கு அளந்து செய்த பொருள்களை ஐந்தடிப் பெண்ணுக்குச் சரிப்படுத்தியது. பிரசங்க பீடத்தில் அவர் நின்றால் முன்வரிசைக்கு நெற்றி மட்டும் தெரியும். உள்ளே ஒரு படி வைத்துப் பீடத்தோடு பொருத்தலாம் என்றால் அது கட்டடத்தில் செய்யும் மாற்றம். மறைமாவட்ட ஆலோசனைக் குழுவைக் கேட்டு, 28 நாள் அறிவிப்பு ஒட்டி, 'ஃபேகல்டி' என்னும் அனுமதி வாங்க வேண்டும். எனவே பொருத்தவில்லை. அடியில் ரப்பர் ஒட்டிய மரப்பலகைப் பெட்டி ஒன்று ஞாயிறுதோறும் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. பண்டிகை மேலங்கி தரையில் ஒரு சாண் புரண்டது. பழைய பூவேலை என்பதால் வெட்டாமல், உட்பக்கம் மடித்துத் தையல் போட்டிருக்கிறோம். அடுத்து வருபவர் உயரமாக இருந்தால் பிரித்துக்கொள்ளலாம். குருவானவர் தம் வெள்ளைக் கழுத்துப் பட்டையை மறந்து வந்த நாளில், பாத்திரம் கழுவும் திரவத்தின் வெள்ளைப் புட்டியிலிருந்து கத்தரித்த துண்டு பக்கத்து ஊர்த் திருமணத்தைக் காப்பாற்றியது. அப்படி இரண்டு துண்டுகள் வெஸ்திரியில், அதாவது குருவானவர் அங்கி மாற்றும் அறையில், மேசையின் இடது இழுப்பறையில் இருக்கின்றன. எலுமிச்சை வாசனை இன்னும் போகவில்லை.

மைக் தனியாகச் சொல்ல வேண்டியது. அதன் பெட்டி இடுப்பு வாரில் செருகுவதற்காகச் செய்யப்பட்டது. கவுனில் வாரும் கிடையாது, பையும் கிடையாது. ஈஸ்டர் வரை பின்கழுத்தில் மாட்டிப் பார்த்தோம். பெட்டியின் கனம் பின்னால் இழுக்க, முன்கழுத்து ஏறி இறுக்கியது. இப்போது அங்கிக்குள் நான்கு விரல் அகல எலாஸ்டிக் பட்டை. மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, நடுவில் மாட்ட வேண்டும். ஓரமாக மாட்டினால் தோள்பட்டி உரசிக் கரகரக்கும்.

அணைப்பதில்தான் பெரிய தவறு நடந்துவந்தது. ஆராதனை முடிந்ததும் ஒலிக்கருவி மேசையில் ஸ்பீக்கர் ஒலியை இறக்கிவிட்டுப் போய்விடுவோம். மைக்கின் ஒலியைக் காதுக்கருவிகளுக்கு நேராக அனுப்பும் 'லூப்' கம்பியோ வேறு பெருக்கியில் ஓடுகிறது. ஸ்பீக்கர் அடங்கிய பிறகும், வெஸ்திரியில் பேசுவது காதுக்கருவியை லூப்பைக் கேட்கும் 'டி' நிலையில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். முன்வரிசைப் பெரியவர்கள் ஊர் விஷயங்களில் எல்லாருக்கும் ஒரு வாரம் முந்தியிருந்ததன் காரணம் ஜூனில் தெரிய வந்தது. இனி மைக் பெட்டியின் சுவிட்சையே அணைக்க வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறியது. முன்வரிசையின் எதிர்ப்பு பதிவாகியுள்ளது.

வௌவால்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; அவை இருக்கின்றன. 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அவற்றைத் தொந்தரவு செய்வதும், தங்குமிடத்தை அடைப்பதும் குற்றம். குட்டி போடும் கோடைமாதங்களில் பலிபீடத்துக்கும் பித்தளைப் பட்டயங்களுக்கும் இரவில் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும்; சிறுநீர் பட்டால் பித்தளை அரித்துப் புள்ளி விழும். காலையில் விரிப்பை நான்கு முனையும் சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுபோய் உதற வேண்டும், இருந்த இடத்தில் அல்ல. எலிப்புழுக்கையா என்று சந்தேகம் வந்தால் காய்ந்ததைக் காகிதத்துக்குள் வைத்து நசுக்கிப் பாருங்கள். பொடிந்தால் வௌவால்.

மணிக்கூண்டில் 'ஸ்டே' ஒன்று உடைந்தது. மணி தலைகீழாக நிற்கும்போது தாங்கிப் பிடிக்கும் ஆஷ் மரக்கட்டை அது. அதிக வேகத்தில் இழுத்தால் மற்ற பாகங்களுக்குப் பதிலாகத் தான் உடைவதற்காகவே மரத்தில் செய்கிறார்கள். உடைந்தவுடன் மணி மறுபக்கம் சுழன்றுபோகும், கயிறு மேலேறும். அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே: கையை விட வேண்டும். புது உறுப்பினர் விடவில்லை. பாதம் தரையை விட்ட பிறகுதான் விட்டார். காயமில்லை. இனி முதல் பாடத்தில், கயிற்றைப் பிடிப்பதற்கு முன்பே விடுவது கற்றுத்தரப்படும். ஆறு மணிகளை முறை மாற்றி அடிக்கக்கூடிய 720 வரிசைகளையும் பிசகில்லாமல் அடிப்பது இந்த ஆண்டும் கைகூடவில்லை.

அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் நாளில் பிராணிகள் ஆராதனை. நாய்கள் ஒருபுறம், கூண்டுப் பிராணிகள் மறுபுறம், குதிரைகள் வாயிலுக்கு வெளியே என்ற ஏற்பாடு நன்றாக நடந்தது. தண்ணீர் தெளிப்பதைப் பூனைகளுக்கு விட்டுவிட்டு ஆசி மட்டும் போதும். ஆந்தை கொண்டுவருபவர் வெள்ளெலி கொண்டுவரும் குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதை அடுத்த ஆண்டு சுவரொட்டியிலேயே போட வேண்டும்.

பிள்ளைகள் ஆரஞ்சில் மெழுகுவத்தி ஏற்றிப் பிடிக்கும் கிறிஸ்டிங்கிள் ஆராதனை, மொரேவியச் சபை என்னும் வேறொரு கிறிஸ்தவச் சபையில் 1747இல் பிறந்தது. 1968இல் லிங்கன் பேராலயத்தின் வழியாக இங்கிலாந்துத் திருச்சபைக்கு வந்தது. ஆரஞ்சைத் தயாரிக்கும் செய்முறை தெரிந்தவர் முன்பிருந்த ஐயரம்மா ஒருவரே என்று தெரிந்தது டிசம்பரில். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். கைக்குள் நிறையும் கெட்டியான ஆரஞ்சு வாங்குங்கள். தோல் தளர்ந்த சின்ன ரகத்தில் மெழுகுவத்தி சாயும். அடியைத் தோல் மட்டத்தில் சீவினால் உருளாது. சதை தெரியச் சீவினால் சாறு வழிந்து புத்தகங்களெல்லாம் ஒட்டும். மேலே கத்தியால் சிலுவைக்குறி கீறி, உள்ளங்கை அளவில் பாதி இருக்கும் அலுமினியத் தாளை அதன்மேல் வைத்து, தாளோடு சேர்த்து மெழுகுவத்தியை அழுத்த வேண்டும். உருகும் மெழுகு தாளில் தங்கும். இடுப்பில் சிவப்பு ரிப்பன், குண்டூசி போட்டு. நான்கு பல்குச்சிகளில் உலர்திராட்சையோ மிட்டாயோ கோத்துக் குத்த வேண்டும். குச்சியின் கூர்முனை வெளியே தெரியக் கூடாது. முந்தின நாளே மிட்டாய் கோத்தால் ஆராதனைக்குள் பாதி மறைந்துவிடும், பெரியவர்கள் கையாலும். நீளமுடிப் பிள்ளைகளுக்கு ரப்பர் பேண்ட் வாசலிலேயே கொடுங்கள். நெருங்கி நிற்கும் வரிசையில் முடி பற்றுவது முன்னால் நிற்கும் பிள்ளைக்குத்தான்.

ஆலயத்தில் பூ அலங்காரம் செய்யும் பூக்குழு, காம்புகளைச் செருகும் பச்சை ஸ்பாஞ்சைக் கைவிட்டுவிட்டது. அது பிளாஸ்டிக், மக்காது. பதிலுக்குக் கோழிவலையைப் பந்தாகச் சுருட்டிச் சாடிக்குள் வைக்கிறார்கள். ஈஸ்டர் லில்லி விரிந்தவுடன் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும். பொடி விரிப்பில் விழுந்தால் ஈரத்துணி கூடாது, ஒட்டுநாடாவால் தொட்டெடுங்கள். குழுவின் வேறு விவகாரங்களை எழுத வேண்டாம் எனக் குழுத்தலைவி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆலய ஆண்டுக்கூட்டம் மே 31க்குள் நடந்தாக வேண்டும். ஆலயப் பொறுப்பாளர்களான இரண்டு வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எவரும் வாக்களிக்கலாம்; ஆலயத்துக்குள் கால் வைக்காதவர்களும்தான். கடவுள் இல்லை என்று மதுக்கடையில் வாதாடும் நம் அண்டைவீட்டுக்காரர் தவறாமல் வருகிறார். கூரைக் கணக்கைக் கேள்வி கேட்பவர் அவர் ஒருவரே என்பதால் வரவேற்கிறோம். வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் தனியாக உள்ளது.

ஞாயிறு பள்ளிக்கு இருவர் கிடைத்துவிட்டார்கள். தேநீர்ப் பட்டியல் வடக்குக் கதவில் தொங்குகிறது, பேனா கட்டியிருக்கிறது. ஜூன் 7, 21, 28 காலி. 14க்குக் குருவானவரின் கணவர் பெயர் எழுதியிருக்கிறார். கேக் கடையில் வாங்கியதாக இருக்கும் என்று பக்கத்தில் அவரே குறித்திருக்கிறார்.

செயலாளர்