‘வெறும்’ என்ற ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பகுத்தறிவாளர் தியானம் செய்யலாமா என்று கேட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடாது என்கிறார் கட்டுரையாளர். மனம் என்பது மூளையில் நடக்கும் வெறும் ரசாயன வேலை, அதற்காகக் கண்ணை மூடி உட்காருவானேன் என்பது அவர் வாதம். மூளையின் வேலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ‘வெறும்’ என்பதோடுதான் தகராறு.

எங்கள் ஊர்த் தோழர் ஒருவரும் இப்படித்தான். காதல், பக்தி, பயம் எல்லாம் “வெறும் கெமிக்கல்யா” என்பார். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் நாகஸ்வரக்காரர் தோடி ராகத்தை எடுத்தார். பந்திக்கு எழுந்த தோழர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கண் கலங்கியிருந்தது. “வெறும் காற்றழுத்தம்தானே தோழர்?” என்றேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

இந்த வழக்கு பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் சமயக் கணக்கர்கள், அதாவது பல சமயவாதிகள், தத்தம் கொள்கையைச் சொல்லும் காதையில் கடைசியாக வருபவன் பூதவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடினால் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும் என்கிறான். (ஆயுர்வேத மருந்தான அரிஷ்டம் புளிக்க இன்றும் அந்தப் பூவைத்தான் போடுகிறார்கள்.) களிப்பு தனிப் பூவில் இல்லை, தனி வெல்லத்திலும் இல்லை. ஆனால் குடித்தவனுக்கு அது உண்டு. ஆன்மா என்று தனியாக ஒன்றை அவன் கொண்டுவரவில்லை. களிப்பைப் பொய் என்றும் தள்ளவில்லை. நேரில் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்ற அவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மணிமேகலை மடக்கியது வேறு கதை.

பூவும் வெல்லமும் எப்படிக் கள்ளாகின்றன என்பதை வேதியியல் சொல்லிவிட்டது. நரம்பணுக்கள் எப்படி உணர்வாகின்றன என்பதை இன்னும் சொல்லவில்லை. 25 ஆண்டுகளுக்குள் நனவுக்கு (உணர்ந்திருக்கும் நிலைக்கு) மூளையில் உள்ள நரம்பு அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக் 1998-ல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-ல் நியூயார்க்கில் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார். பந்தயப் பொருளும் களிப்பாகவே அமைந்தது பொருத்தம்தான். கோக் தோற்றதால் ஆன்மா ஜெயித்துவிட்டதாக யாரும் துள்ள வேண்டாம். விடை இன்னும் வரவில்லை, அவ்வளவே.

‘வெறும்’ என்பவர்கள் பக்கம் இப்படி என்றால் ஆன்மிகம் பேசுபவர்கள் பக்கம் இன்னும் மோசம். ‘மதம் கடந்த ஆன்மிகம்’ என்று ஒரு வகுப்பில் 1,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். சாமி படம் இல்லை, மந்திரம் இல்லை, நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் பயிற்சியாளர், நெற்றிப்பொட்டில் குவாண்டம் அதிர்வலை இறங்குகிறது என்றார். முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன், சும்மா இருக்க முடியுமா? “அலைநீளம் எவ்வளவுங்க?” என்று கேட்டுவிட்டேன். “அதெல்லாம் அனுபவிச்சாத்தான் தெரியும் சார்” என்றார். நான்காம் நாள் போகவில்லை.

இந்த உளறல் இல்லாமலும் தியானம் செய்யலாம். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு வந்தவர்களுக்குப் பௌத்தத் தியானத்தை மறுபிறப்பும் சடங்கும் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார். மூச்சைக் கவனி, வலியைக் கவனி, சில வாரம் பயிற்சி செய். பலன் உண்டா, எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கலாம், பார்த்தும் வருகிறார்கள். எல்லாம் பொருளே என்னும் பொருள்முதல்வாதி இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

நானும் காலையில் இருபது நிமிடம் மொட்டை மாடியில் உட்காருகிறேன். மூச்சு வருகிறது, போகிறது. ஐந்தேகால் பஸ் ஹாரன் அடிக்கிறது. அலை எதுவும் இறங்கியதில்லை. கோபம் கொஞ்சம் குறைந்திருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். அது ரசாயனம்தான் என்றால் இருக்கட்டுமே.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். ‘வெறும்’ என்று வரும் இடங்களை எல்லாம் அடித்துவிட்டுத் தம் கட்டுரையை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். நான் பென்சிலால் அடித்துப் பார்த்தேன், ஏழு இடம். மிச்சத்தில் நான் மறுக்க ஒரு வரிகூட இல்லை. ஆனால் தியானம் கூடாது என்ற அந்தக் கடைசிப் பத்தி மட்டும் எதன்மேல் நிற்கிறது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.