தெருக்கம்பத்தில் தளர்ந்துள்ள நியூட்ரல் இணைப்பை நிரந்தரமாகச் சரிசெய்யக் கோரும் நான்காவது மனு

பெறுநர்:
உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு வளைவில், மூடப்பட்ட கிணற்றை ஒட்டி நிற்கும் மின்கம்பத்தைத் தாங்கள் அறிவீர்கள். மின்மாற்றியைப் பார்வையிட வந்த அன்று தங்கள் வண்டி அதன் அடியில்தான் நின்றது. அந்தக் கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியின் இணைப்பு) தளர்ந்து, காற்றடிக்கும்போதெல்லாம் பொறி பறப்பது குறித்து இதுவரை மூன்று மனுக்கள் அளித்துள்ளேன். முதல் மனுவுக்கு ரசீது கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் கிடைக்கவில்லை. ஆகவே மீண்டும் பணிவுடன் எழுதுகிறேன்.

1. "கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில் இருக்கும்" என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து வீடு முழுவதையும் சோதித்தோம். வயரிங், எர்த் இரண்டும் சரியாக உள்ளன. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி பொருத்தியிருக்கிறோம், அதன் சோதனைப் பொத்தானைத் தவறாமல் அழுத்திப் பார்க்கிறோம். தவழும் குழந்தை இருப்பதால் பிளக் துளைகளுக்கு மூடி போட்டோம், அலமாரியைச் சுவரோடு பிணைத்தோம், மருந்துகளையும் கழிவறை அமிலத்தையும் எட்டாத உயரத்தில் பூட்டி வைத்தோம், வாளியில் இரவில் தண்ணீர் நிற்க விடுவதில்லை. ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறோம் ஐயா. கம்பத்தில் ஏற எங்களுக்கு அனுமதியும் இல்லை, அறிவும் இல்லை.

2. தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆயினும் மனுவில் பதிவாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தெருவின் நியூட்ரல் விலகினால், இரண்டு பேஸ்களுக்கு (மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளுக்கு) இடையே உள்ள 400 வோல்ட், வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகளுக்குள் அவரவர் பயன்பாட்டுக்கு ஏற்பக் கோணலாகப் பங்கிடப்படுகிறது. அதிகம் பயன்படுத்தும் வீட்டில் விளக்கு மங்குகிறது. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமாகப் பாய்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்திருக்கும் நள்ளிரவில்தான் எங்கள் வீட்டுக்கு அந்த நிலை வருகிறது. கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரின் நியூட்ரல் மட்டும் அறுந்தாலோ வேறு விதமான ஆபத்து: விளக்கு எரியாது, விசிறி சுழலாது, மின்சாரமே இல்லை என்று தோன்றும், ஆனால் டெஸ்டரை வைத்தால் பிளக்கின் இரண்டு துளைகளிலும் எரியும். ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்தோம். ஆர்.சி.சி.பி. கருவிகளிலும் சில வகைகள் நியூட்ரல் போனதும் தாமே செயலற்றுவிடும் என்று மின்பணியாளர் சொன்னபிறகு, எதை நம்பிக் குழந்தையைத் தரையில் விடுவது?

3. இரண்டாவது மனுவுக்குக் காரணமான இரவில், விசிறி திடீரென வேகம் பிடித்து இரைந்தது. விளக்கு வெள்ளையாகக் கொதித்தது. கட்டில் ஓரத்தில் இருந்த சார்ஜர் வெடித்துப் படுக்கை விரிப்பில் தீப்பற்றியது. குழந்தை ஒரு முழம் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தது.

4. அதன்பின் மின்னழுத்தம் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் பொருத்தினோம். துன்பம் வேறு உருவில் வந்தது. காற்று வீசும் இரவுகளில் அது ஐந்து முறை, ஆறு முறை துண்டிக்கிறது. கருவியைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் என் தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது, பார்வை மங்கல், இரவில் பலமுறை எழ வேண்டிய உடல்நிலை. கழிவறையில் கைப்பிடிக் கம்பி வைத்தோம், வழுக்காத விரிப்புப் போட்டோம், வழியெல்லாம் சிறு விளக்குகள் பொருத்தினோம். போன மாதம், அவர் படுக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நின்ற கணத்தில் மின்சாரம் போயிற்று. நிலைப்படியில் இடறி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுடன் இருக்கும் அவர், இரவில் எழ வேண்டி வருமே என்று அஞ்சி, மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். கேட்டால் தாகம் இல்லை என்கிறார். உதடு வெடித்திருப்பது எனக்குத் தெரியாதா? மெழுகுவத்தி வைக்கவும் அஞ்சுகிறோம்; ஒரு தீயிலிருந்து தப்பி இன்னொரு தீயை வீட்டுக்குள் ஏற்ற மனம் வரவில்லை. நானும் என் மனைவியும் முறைவைத்து விழித்திருக்கிறோம். எத்தனை இரவுகளுக்கு ஐயா?

5. லைன்மேன் இருமுறை வந்தார். அவர் மீது குறையில்லை. கையில் கொடுத்தனுப்பிய பொருளைக் கொண்டுதானே அவர் வேலை செய்ய முடியும். அலுமினியக் கம்பியின் மேல் செம்புக் கம்பியை முறுக்கிவிட்டுப் போனார். இரண்டு உலோகங்களும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதும், அதற்கென்றே தனிக் கிளாம்ப் உண்டு என்பதும் தங்கள் துறைக்குத் தெரியாததா? முறுக்கியது அடுத்த மழைவரை நிற்கிறது. பிறகு மறுபடியும் பொறி, மறுபடியும் மனு.

6. ஆகவே, அந்தக் கம்பத்தின் நியூட்ரல் இணைப்பை உரிய கிளாம்புடன் மாற்றி, எங்கள் சர்வீஸ் வயரின் இணைப்பையும் அவ்வாறே செய்து, மின்மாற்றியின் நியூட்ரலை மண்ணோடு இணைக்கும் எர்த்தையும் ஒருமுறை அளந்து பார்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

7. இதற்கும் பதில் வராவிட்டால் யாரிடம் போவது என்பதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு வரி போதும். நேரில் வந்து பார்ப்பதானால் காற்றுள்ள ஓர் இரவில் வாருங்கள் ஐயா. பகலில் அந்தக் கம்பம் நன்றாகத்தான் தெரியும். மழைக்கு முன் அந்த இணைப்பை மாற்றித் தாருங்கள். மாற்றித் தாருங்கள் என்றே நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வளைவுக் கம்பத்தை அடுத்த வீட்டின் மின் நுகர்வோர்

(முந்தைய மூன்று மனுக்களின் நகல்களும், கருகிய சார்ஜரின் படமும் இணைக்கப்பட்டுள்ளன.)