முகம் கொடுத்துப் பேச எங்களுக்கும் ஆசைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாமசிகளில் நிற்பவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, டொக்டர் எழுதிய துண்டை வாங்குகிறார்கள், மருந்தை எடுத்துப் போடுகிறார்கள், காசை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான் என்று மனம் நொந்து எழுதியிருந்தார். அவர் சொன்னது உண்மை. நான் மலையகத்து நகரம் ஒன்றில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் உள்ள தனியார் பாமசியில் பதினொரு வருடமாக மருந்தாளராக வேலை செய்கிறேன். ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருந்து கொடுத்த நாட்கள் எனக்கும் உண்டு. அப்படியான நாட்களில் இரவு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. ஏன் அப்படி ஆகிறது என்று அந்த வாசகருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். சின்ன வயதில் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவோம். அதில் ஊற்றித் தரும் மருந்தை எப்போது, எவ்வளவு குடிப்பது என்று அம்மா கேட்கவே மாட்டார். கேட்கப் பயம். உயர்தரம் முடித்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் பயிலுநராகச் சேர்ந்தபோது எனக்குள் இருந்த ஒரே எண்ணம், என்னிடம் வருகிறவர்கள் அப்படிப் பயப்படக்கூடாது என்பதுதான். வெளிவாரியாகப் பரீட்சை எழுதி, இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு கிடைத்த நாளில் அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார்.

இந்த வேலையில் என்ன திருப்தி இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது தாங்க மகள், சோறு சாப்பிட முடியல்ல" என்றார். களிம்பை எடுத்துக் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அன்று மழை, கடையில் கூட்டம் இல்லை. வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். பைக்குள்ளிருந்து ஒரு காகித உறையை எடுத்துக் காட்டினார். மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்க வேண்டிய மருந்து. இவர் ஒன்பது நாளாக, தினமும், பெனடோல் குடிப்பது போலக் குடித்திருக்கிறார். அந்த மருந்தைத் தினமும் எடுத்தால் வாயிலும் குடலிலும் புண் வரும், இரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். உறையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தது. அவருக்கு அது தெரியாது, கொடுத்தவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அங்கேயே முச்சக்கர வண்டி பிடித்து, ஒரு துண்டில் விபரம் எழுதிக் கொடுத்து, வைத்தியசாலைக்கு அனுப்பினேன். மூன்று கிழமை கழித்து ஒரு பை போஞ்சியோடு வந்து நின்றார். நான் பிறகு அறைக்குள் போய் அழுதேன்.

அன்று கடையில் கூட்டம் இருந்திருந்தால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேனா? இந்த வேலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இதுதான் என்னை வாட்டுகிறது.

எங்கள் கடை காலை எட்டுக்குத் திறந்து இரவு எட்டரைக்கு மூடும். பதிவுபெற்ற மருந்தாளர் நான் ஒருத்திதான். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதோடு கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு. நான் ஒருத்தி என்றபடியால் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் கிடைத்தாலே பெரிய விஷயம். மருந்து தட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பகல் சாப்பாடு. நாற்காலி கேட்டேன், வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் சரியில்லை என்றார்கள். ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசினால், "பின்னால ஆக்கள் நிக்கிறாங்க" என்று காசு மேசையிலிருந்து குரல் வரும். மாத முடிவில் எத்தனை ரூபாவுக்கு விற்றோம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். எத்தனை பேருக்கு விளங்கச் சொன்னோம் என்பதற்குக் கணக்கு இல்லை.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு நான் 8 வீதம், முதலாளி 12 வீதம் போட வேண்டும். அது எல்லாக் கடைகளிலும் முழுச் சம்பளத்துக்கும் போடப்படுவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு என்னோடு பரீட்சை எழுதியவர்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நான் போக நினைத்த இரண்டு தடவையும் காசுக்காக நினைக்கவில்லை. பெட்டி எடுத்துக் கொடுக்கிற ஆளாக மட்டும் என்னைப் பார்க்கிறார்களே என்ற வேதனையில்தான் நினைத்தேன்.

அந்த 2022ஐ நாங்கள் மறக்க முடியாது. மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு ஐஸ் கட்டி தேடி அலைந்தோம். மருந்துத் தட்டுப்பாட்டில் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கம்பனியின் பெட்டி வந்தது. உள்ளே இருப்பது அதே மருந்துதான், பெயரும் நிறமும்தான் வேறு. பிரஷருக்கு மருந்து குடிக்கும் தாத்தா ஒருவர் பழைய பெட்டியில் ஒன்று, புதுப் பெட்டியில் ஒன்று என்று இரண்டையும் குடித்துத் தலைசுற்றி விழுந்தார். மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, அதன் உண்மையான பெயரால் அறிய வேண்டும் என்று பாடுபட்ட பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவான நாட்டில், மருந்தின் உண்மையான பெயரைச் சனத்துக்குச் சொல்லிக்கொடுக்க இன்றும் நேரம் கிடைப்பதில்லை.

மலையகத்தில் பேச வேண்டியது இன்னும் அதிகம். பத்தாம் திகதி சம்பளத்துக்கு முன் வருகிறவர்கள் துண்டில் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தாலும் "அஞ்சு நாளைக்கு மட்டும் தாங்க" என்பார்கள். அந்த ஐந்து நாளுக்கு எதை விடக்கூடாது, எது கொஞ்சம் பொறுக்கும் என்று டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கூடை சுமந்த உடம்பு வலிக்கு வலி மாத்திரை இரண்டு, இரண்டு என்று வாங்கிப்போய் வருடக்கணக்கில் குடிக்கிறார்கள். சிறுநீரகம் கெட்டுவிடும் என்று யாராவது சொல்ல வேண்டாமா? இரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அதைத் தேத்தண்ணியோடுதான் விழுங்குவார்கள். தேயிலை அந்த இரும்பை உடம்பில் சேர விடாது. "எட்டு மணிக்கு, இரண்டு மணிக்கு" என்று எழுதினால் வேலைக்காட்டில் நிற்பவருக்குப் பயனில்லை. நான் உறையில் "பெரட்டுக்குப் போக முன்" (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்தான் பெரட்டு), "பகல் கொழுந்து நிறை பார்த்த பிறகு" என்று எழுதிக் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவருக்கு அப்படியே சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வேன். அவர் சரியாகத் திருப்பிச் சொல்லும்போது வருகிற நிறைவு இருக்கிறதே, அதற்காகத்தான் பதினொரு வருடம் நின்றிருக்கிறேன்.

1987இல் தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் மருந்துப் பெட்டியிலும் உள்ளே மடித்த காகிதத்திலும் தமிழைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்த வாசகர் மாதிரி ஆட்கள் எங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்?

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். சில இடங்களில் மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், அவர் கடையில் இருக்க மாட்டார். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு பத்திரத்தை வாடகைக்கு விடுகிறார்கள். இது எங்கள் தொழிலுக்குள் இருக்கிற குற்றம். நுண்ணுயிர்க்கொல்லியை, அதாவது அன்டிபயோடிக்கை, துண்டு இல்லாமல் நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று கொடுப்பதும் பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களில்தான். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதிகாரிகள் வரும்போது பத்திரத்தை மட்டும் பார்க்காமல், அதில் பெயர் உள்ள ஆள் எங்கே என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டாலே முதலாளிமாருக்கு இரண்டாவது மருந்தாளரை எடுக்க வேண்டி வரும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மருந்து எடுக்கலாம், மற்றவர் பேசலாம். கண்ணாடி மேசையின் ஓரத்தில் இரண்டு நாற்காலி போட இடமா இல்லை?

செப்டெம்பர் 25 உலக மருந்தாளர் தினம். வாழ்த்துச் செய்தி போடும் அந்த இடத்தில் தங்கள் பத்திரிகை வேறொன்று செய்தால் நன்றாயிருக்கும். கிழமைக்கு ஒரு மருந்து, தமிழில், பத்து வரி. எப்போது குடிப்பது, எதோடு குடிக்கக்கூடாது, என்ன வந்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பது மட்டும். காசு எதுவும் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன், டொக்டர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தும் அனுப்புகிறேன். முதல் கிழமைக்கு மெத்தோட்ரெக்சேட் பற்றி எழுதி இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், வயதானவர்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மருந்தாளர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்