வெற்றுப் பாரத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள்

சேலத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்காரர்களுக்கும், இடையில் நின்று பேசி முடித்துக் கொடுக்கும் புரோக்கர் அண்ணன்களுக்கும்,

வணக்கம்.

ஏற்காட்டில் நிற்கும், உள்ளே படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் கேம்பர் வேனைக் கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் உங்களில் சிலர் கூப்பிட்டுப் பேசினீர்கள். விலையில் பெரிய இழுபறி இல்லை. ஒரு கடையில் காகிதத்தை எடுத்து வைத்த பிறகுதான் பேச்சு முறிந்தது. வண்டியைப் பெயர் மாற்ற ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கும் பாரம் 29, பாரம் 30 எல்லாமே வெறுமை. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலில் பெருக்கல் குறி. வாங்குபவர் பெயர் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை. “யார் பேருக்குப் போகுதுன்னு இன்னும் முடிவாகலைங்க. நீங்க போட்டுட்டுப் போங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்றார் கடைக்காரர். பாதி இன்று ரொக்கம், மீதி ‘பார்ட்டி’ வந்ததும். எழுந்து வந்துவிட்டேன். அவர் மேல் கோபமில்லை, ஊர் முழுக்க இதுதானே வழக்கம். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்பதும் புரிகிறது. நடுவில் உங்கள் பெயரை ஏற்றினால் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் ஓனர் கணக்கு ஒன்று கூடும், அடுத்தவர் விலையைக் குறைப்பார், செலவும் இரண்டு முறை. வியாபாரத்தில் அது சரியான கணக்கு. ஆனால் அந்த மிச்சத்துக்கான ஆபத்து முழுவதையும் சுமப்பவர் விற்றவர். மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்றால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். காரை 2007-லேயே விற்றாகிவிட்டது. அது கை மாறி, கை மாறிப் போனது. 2009-ல் விபத்து. பெயர் மட்டும் மாறவில்லை. இழப்பீட்டைக் கட்டச் சொன்னது முதலில் விற்ற மனிதரை. நாளைக்கு என் வேன் தொப்பூர் இறக்கத்தில் யாரையாவது இடித்தால், ஓட்டியவர் யாரென்றே தெரியாத நான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

உங்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம். வண்டியை எடுக்கும்போது பாரம் 29சி வழியாகத் தெரிவித்துவிட்டால், பெயர் மாற்றாமலேயே பொறுப்பு வியாபாரி தலைக்கு வந்துவிடும். அதன் பிறகு பெயர் மாற்றத்துக்கும், ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி. சான்றுக்கும், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. புதுப்பிக்கவும் நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு இருக்கும் சங்கடம் வேறு என்று நினைக்கிறேன்: அப்படி எடுத்த வண்டியை டிரையல், பெயின்ட், ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம், அதையும் பதிவு செய்ய வேண்டும். சனி ஞாயிறு வாடகைக்கு விட முடியாது!

அங்கீகாரம் வேண்டாம், புரோக்கராகவே இருக்கிறோம் என்றால் அதுவும் சரி. அப்போது வாங்குபவரை நேரில் கூட்டி வாருங்கள். பாரத்தில் அவர் பெயரும் விலாசமும் எழுதி, சேசிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்த பிரிண்டை ஒட்டிய பிறகு கையெழுத்துக் கேளுங்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நான் 14 நாள் காத்திருக்கப் போவதில்லை. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாவி கைமாறி, ஏழு மணிக்குக் கேமராவில் மாட்டினால் அபராதம் யாருக்கு என்பதை அந்த மணிதான் சொல்லும். ஃபாஸ்டேக் என் கணக்கோடு மூடப்படும். ஓமலூர் டோலில் உங்கள் பார்ட்டிக்கு நான் கட்ட முடியாது.

பணம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 முதலே தடுக்கிறது, மாட்டினால் அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே. ‘ரெண்டு நாளா பிரிச்சுக்கலாம்’ என்ற யோசனையும் செல்லாது, ஒரே பேரத்துக்கான பணம் ஒன்றாகத்தான் கணக்கில் வரும். செக் வேண்டாம். டி.டி. என்றால் கொடுத்த வங்கியில் கேட்டுச் சரிபார்த்த பிறகு. எனக்குப் பிடித்தது வாங்குபவரின் வங்கியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆர்.டி.ஜி.எஸ். போடுவது. ‘வரவு வைக்கப்பட்டது’ என்று வரும் எஸ்.எம்.எஸ்.ஸை நம்ப மாட்டேன், என் கணக்கைத் திறந்து பார்ப்பேன். ‘மிலிட்டரியில் இருக்கேன் சார், க்யூ.ஆர். அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, அட்வான்ஸ் வந்துடும்’ என்று பேசுகிறவர்களை உங்களுக்கே தெரியும். பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை.

கேம்பருக்கென்று இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது, ஆர்.சி.யில் வண்டி என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்பது. கேரவனாகவே பதிவான வண்டி வேறு. டெம்போ டிராவலர் என்று பதிவாகி, உள்ளே சீட்டைக் கழற்றிப் படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டி வேறு. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது. வாங்கியவர் எஃப்.சி.க்குப் போய் நிற்கும்போதுதான் அது தெரியவருகிறது. எங்களுடையது முதல் வகை, ஆர்.சி.யைக் காட்டிவிட்டே பேசுவேன். இரண்டாவது, எது வண்டியோடு வரும் என்பது. சோலார் பேனல், இன்வெர்ட்டர், இரண்டாவது பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பட்டியலில் வரும். கேஸ் சிலிண்டர் வீட்டு இணைப்பில் வாங்கியது, வராது. இதை எழுதாமல் விட்டுப் பிறகு நடக்கும் சண்டை விலைச் சண்டையைவிட மோசம்.

பெங்களூரு ஆட்கள் இந்த மாதிரி வண்டிகளைத் தேடி வருகிறார்கள், நல்லது. அவர்களுக்குப் பாரம் 28-ல் என்.ஓ.சி. எடுத்தாக வேண்டும். அது கைக்கு வரும்வரை வண்டி மலையிலேயே நிற்கும். ‘எடுத்துட்டுப் போயிடறோம், அப்புறம் அனுப்புங்க’ என்று தயவுசெய்து பேச வைக்காதீர்கள். லோன் முடிந்து பாரம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் இருந்த ஹெச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்கியாகிவிட்டது. இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் எங்களுடையது, வண்டியோடு போகாது.

கமிஷனைக் குறைக்கச் சொல்லி எழுதவில்லை. பேசிய கமிஷன் பேசியபடி, பாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஏறி ரசீது வந்த அன்றே தருகிறேன். பெயர் எழுதிய பாரத்தோடு வருகிற முதல் கடைக்காரருடன் உட்கார்ந்து பேசத் தயார்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு கேம்பர் வேன் உரிமையாளர்